எல்லைத் தூண்

அப்புத்தளையில் ஆடிக் காற்று
கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை.
பெரகலைப் பள்ளத்திலிருந்து மூச்சிரைக்க ஏறி
நேற்றிரவு என் கொடித்தோடைப் பந்தலில்
ஒரே ஒரு தூணைத் தேர்ந்து முறித்தது.

எல்லை வரிசையில் நான்காவது.
அந்தோனியம்மாவின் கம்பிக்கும் என் கம்பிக்கும்
ஒரே தலை.

பதினொரு மாதமாக நாங்கள் பேசுவதில்லை.
லொறிக்காரன் இரண்டு வீட்டு மூட்டையையும்
ஒரே துண்டில் எழுதினான்.
நாற்பத்திரண்டு கிலோ கழிவு.
சுருங்கிய காய் யாருடையது என்று
அவள் கேட்டாள், நான் கேட்டேன்,
பிறகு இருவரும் கேட்பதை நிறுத்தினோம்.
அவள் கோழி மட்டும் இந்தப் பக்கம் வந்துபோகும்.

தூண் முறிந்தும் விழவில்லை.
மேலே பார்த்தால் மரம்.
மண்ணைத் தொடும் இடத்தில் நான்கு விரல் உயரத்துக்கு
நனைந்த கடதாசி.
கறையான் தின்று முடித்து எத்தனை நாளோ.
அது பந்தலைத் தாங்கவில்லை,
பந்தல்தான் அதைத் தொங்கவிட்டிருந்தது.
இதில் ஒரு தத்துவம் இருக்கிறதென்று
யாராவது சொல்லக்கூடும்.
எனக்கு நேரமில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது.

பிடுங்கி எறிய முடியாது.
தலைப்பக்கம் கருவண்டு குடைந்த துளைகள் ஐந்து.
அவை வந்து முதுகைத் தேய்த்தால்தான்
ஊதாப் பூ காயாகும்.
மரத்தைக் கெடுப்பதும் அதுதான்
மாதக் கடனை அடைப்பதும் அதுதான்.
ஆகவே பழையது நிற்கட்டும்,
பக்கத்தில் ஒரு சவுக்குக் கட்டை,
அடிப்பாதியை நெருப்பில் கருக்கி
வாகனக் கழிவொயிலில் இரண்டு நாள் ஊறியது,
முறிந்த காலுக்குப் பத்தை வைப்பதுபோல்.

ஆனால் இது ஒரு ஆள் வேலையில்லை.
ஈரக்கொடியின் பாரம் முழுக்கக் கம்பியில்.
ஒருத்தி கவைக்கம்பால் தூக்க வேண்டும்,
ஒருத்தி குழி இடிக்க வேண்டும்.
நான் தூக்கினேன், இடிக்க ஆளில்லை.
கம்பை விட்டு இடித்தேன், கம்பி இறங்கியது.
மறுபடி தூக்கினேன்.

உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
அலவாங்கோடு வந்தாள்.
யாரும் கூப்பிடவில்லை.
என்னைப் பார்க்கவுமில்லை,
குழியைப் பார்த்தாள்.

"தூக்கு."

பதினொரு மாதத்தில் முதல் சொல்.

"இன்னும்."
"இன்னுங் கொஞ்சம்."
"விடாதே."

விடவில்லை.
தோள் கடுத்தது, பனி வந்து கண்ணை மூடியது,
அலவாங்கு கல்லில் படும் சத்தம் மட்டும்
அவள் எங்கே என்று சொன்னது.
முழங்கை ஆழம் போனதும்
கட்டையை இறக்கிக் கல் வைத்து இறுக்கினாள்.
அந்தக் கல் என் பக்கத்துக் கல்.
பரவாயில்லை.

பிறகு ஆணி.
மூன்றை வாயில் கவ்விக்கொண்டு
நான்காவதை அடிக்கும்போது
ஏதோ சொன்னாள்.
எண் போலவும் இருந்தது
மன்னிப்புப் போலவும் இருந்தது.
ஆணியைத் துப்பிவிட்டுச் சொல் என்று
கேட்டிருக்கலாம்.
குறடை நீட்டினேன்.
அவள் கம்பியை முறுக்கினாள், ஒருமுறை, இருமுறை,
மூன்றாவது முறுக்கு தேவையே இல்லை.

கையைத் துடைத்தாள். தூணைத் தட்டிப் பார்த்தாள்.
நான் "தேத்தண்ணி" என்று வாயெடுக்குமுன்
பனிக்குள் போய்விட்டாள்.
அலவாங்கு என் பக்கம் சாய்ந்து கிடந்தது.
மறந்தாளா என்று தெரியாது.
அவள் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

ஐந்தாவது தூணில் சாய்ந்து மூச்சு வாங்கினேன்.
அதுவும் எல்லையில்தான் நிற்கிறது.
அடியில் இலேசாக ஆடியது.

சுற்றிப் பார்த்தேன், ஒருவருமில்லை.
இன்னும் கொஞ்சம் ஆட்டினேன்.