வண்டி நிற்கிற இடம்

கானாடுகாத்தானை எனக்குச்
சனிக்கிழமைகளாகத் தெரியும்.
வெள்ளி இரவு பெருங்களத்தூரில் ஏற்றினால்
விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்குள் பாட்டு நின்றுவிடும்,
உளுந்தூர்ப்பேட்டையில் எல்லாத் தலையும் சாய்ந்திருக்கும்.
பாடாலூரில் நான் மட்டும் இறங்கி
ஒரு டீ, முகத்துக்கு ஒரு கை தண்ணீர்.
திருமயம் கோட்டை விடியாத வானத்தில்
இன்னும் கொஞ்சம் கறுப்பாய்க் கடந்துபோகும்.
யாரையும் எழுப்புவதில்லை.
திரும்பும்போது பார்ப்பதாகத்தான் திட்டம் இருக்கும்.
திரும்பும்போது சாப்பாட்டு மயக்கம் இருக்கும்.

வீடுகளைப் பற்றிக் கேட்டால்
எனக்குச் சுற்றளவு தெரியும்.
முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு.
இந்தப் பக்கம் இறக்கிவிட்டு
அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும்.
பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி,
முட்டை வெள்ளை அரைத்துப் பூசிய சுவர் என்று
அவர்கள் உள்ளே நடந்து வருகிற தூரத்தை
நான் வெளியே செகண்ட் கியரில் வருவேன்.
ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

எந்த வேம்பு பதினொன்று வரை நிழல் தரும்,
எந்தப் புளியமரத்தில் காக்கை வயிறு சரியில்லை,
எந்தக் கடையில் போனுக்குச் சார்ஜ் போட்டால்
முகம் சுளிக்க மாட்டார்கள்:
இதெல்லாம் எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது.

போன மாசியில் சோழிங்கநல்லூர் ஆபீஸ் ஒன்று
பன்னிரண்டு பேருக்குச் சொல்லியிருந்தது.
வந்தது சுகிர்தா மேடம் மட்டும்.
பதினோரு பேருக்குப் பதினோரு காரணம்.
அட்வான்ஸ் திரும்பாதுங்க என்றேன்.
அப்ப போவோம் என்றார்.

முதல் வீட்டில் படைப்பு.
பங்காளிகள் மட்டும்தான் என்று
வாசலில் இருந்தவர் கும்பிட்டபடியே மறுத்தார்.
இரண்டாவது வீட்டில் படப்பிடிப்பு,
தெருவை அடைத்து ஜெனரேட்டர்.
அவர் கையிலிருந்த பட்டியலில்
இன்னும் ஒன்பது வரி இருந்தது.
நாலாய் மடித்தார். பிறகு எட்டாய்.

"நீங்க இங்க வந்தா என்ன பண்ணுவீங்க?"
"நிப்பேன் மேடம்."
"எங்க?"

ஊருணிக்கரைக்கு ஓட்டினேன்.
செம்பாறாங்கல் படி, பாதிக்கு மேல் தண்ணீர்,
எதிர்க்கரையில் யாரோ சைக்கிளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.
வழியில் வாங்கிய தேன்குழல் அரைக் கிலோ
பொட்டலம் பிரித்தபடி
எஞ்சின் சூட்டுக்கு மேல் இருந்தது.
மேடம் வராதவர்களின் சீட்டில் எல்லாம்
ஒவ்வொன்றாய் உட்கார்ந்து பார்த்தார்.
"இது முரளிதரனுக்கு. கால் நீட்ட முடியல, நல்லா வேணும்."
"இது எங்க மேனேஜருக்கு. தலைக்கு மேல ஒழுகுது."
ஆறாவது சீட்டிலிருந்து கூப்பிட்டார்:
"இந்த ஜன்னல் திறக்கவே மாட்டேங்குதே,
யாரும் சொல்லலையா?"

நாலு வருஷ வண்டி. தவணை இன்னும் பதினாலு பாக்கி.
எத்தனை பேர் அங்கே உட்கார்ந்திருப்பார்கள்!
நானே உட்கார்ந்ததில்லை.

உட்காருங்க என்றார்.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன், என் வண்டியில்.
பின்னாலிருந்து பார்த்தால்
ஸ்டியரிங் இத்தனை சின்னது.
என் சீட்டின் முதுகில் யாரோ பேனாவால்
ஒரு மீனுக்குக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள்.
எப்போதிருந்து, தெரியாது.

அதற்குள் அவர் முன்னால் ஏறிவிட்டார்.
சாவியைத் தொடவில்லை.
இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு
ஊருணியைப் பார்த்தபடி இருந்தார்,
ஒரு சிக்னல் விழக் காத்திருக்கிற மாதிரி.
பிறகு ஒரே ஒரு ஹாரன்.
நீர்க்கோழி இரண்டு தண்ணீரைக் கிழித்து ஓடின.
சைக்கிள்காரர் கை காட்டினார்,
வழி விடுகிறாராம்.
நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில்
அரைக் கிலோவும் முடிந்தது.

அன்றைக்கு உள்ளூர்ப் பில்:
மூன்று கிலோமீட்டர்.
வழக்கமாய் எண்பது வரும்.
முதலாளி இரண்டு தடவை கேட்டார்,
மீட்டர் பழுதா என்று.

செவ்வாய்க்கிழமை அந்த ஜன்னலைச் சரிசெய்தேன்.
அதற்குப் பிறகு ஏறியவர்கள் யாரும்
இன்னும் திறந்து பார்க்கவில்லை.
ஏசி ஓடுகிறது இல்லையா.