பென்சில் எண்

எர்லண்ட் சொல்கிறான், கணினியில் ஒரு படிவம் போதும்.
வருகிறவர்கள் ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது,
கூட்டலைக்கூட அதுவே போட்டுக்கொள்ளும்.
எட்டு வருடம் மீன்பண்ணைக் கணக்குப் பார்த்தவன்,
அவனுக்குக் கூட்டல் பிடிக்கும்.

எனக்கும் பிடிக்கும். ஆனால்
வெஸ்ட்ரே தீவில் பாதி வீடுகளில்
காற்றடித்தால் படகோடு இணையமும் நின்றுவிடும்.
மீதி வீடுகளில்
கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லும் வழக்கம் இல்லை.

தொலைபேசி என்றால் அவன் அம்மா பாடு.
ஒரு 'வருகிறோம்' சொல்ல
முட்டிவலியில் தொடங்கி
ஆட்டு விலைக்குப் போய்
யார் வீட்டுக் கூரை பறந்தது என்று முடித்து
வைத்துவிடுவார்கள்,
வருகிறார்களா என்பதை மட்டும் சொல்லாமல்.

அச்சகத்திலிருந்து மாதிரி வந்திருந்தது.
தந்தநிறத் தாள், இரண்டு கட்டங்கள்.
'பெருமகிழ்ச்சியோடு வருகிறோம்.'
'மிகுந்த வருத்தத்தோடு, வர இயலவில்லை.'
ஒன்றில் குறியிடுக.

முதல் கல்யாணத்துக்கு இதைத்தான் அடித்தேன்.
நூற்றுப்பன்னிரண்டு பெருமகிழ்ச்சிகள்
ஒரே எழுத்துருவில் வந்து சேர்ந்தன.
எல்லாரும் சொன்னபடி வந்தார்கள்,
சாப்பிட்டார்கள், விடியும்வரை ஆடினார்கள்.
வராமல்போனவள் நான்தான் போலிருக்கிறது.
அது தெரிய ஆறு வருடம் ஆயிற்று.

இந்த முறை யார் வாயிலும்
மகிழ்ச்சியை முன்கூட்டி அச்சடிக்க மாட்டேன் என்றேன்.
வருத்தத்தையும்.
வெற்று அட்டை, எங்கள் விலாசம், ஒரு தபால்தலை.
'மீனா ஆட்டுக்கறியா என்றாவது கேட்போமே.'
வேண்டாம்.
'பெயர் எழுதாமல் அனுப்பினால்?'
அதற்கு மட்டும் ஒத்துக்கொண்டேன்.
பின்மூலையில் பென்சிலால் எண் போட்டோம்,
களவு செய்கிறவர்கள் மாதிரி, பொடியாக.

முதலில் வந்தது பதினேழு.
'வியாழனுக்குள் மாடு ஈன்றால் ரெண்டு பேர்.
இல்லாவிட்டால் ஜெமிமா மட்டும்.'
நாற்பத்தொன்றில் ஒரு கரடி, அல்லது நாய்.
ஃபோபிஸ்டர் வீட்டுக் குழந்தை வரைந்தது.
வருகிறார்கள் என்று எடுத்துக்கொண்டோம்.
இருபத்தாறில் ஒரே சொல்: 'பார்க்கலாம்.'
அதற்குள் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது,
கோட்டைக் கழற்றாமல்.

ஒன்பது, டோலினா ஹார்கஸ்.
என் பழைய மாமியார்.
அனுப்புவதா வேண்டாமா என்று
மூன்று இரவு மேசையிலேயே கிடந்த அழைப்பு.
சாய்ந்த எழுத்து, நடுவில் மை தீர்ந்து
வேறு பேனாவில் தொடர்கிறது:
'வருகிறேன். எனக்கு மீன்.
அவனிடம் சொல்லவில்லை.'
கட்டம் இருந்திருந்தால்
இதை எங்கே குறித்திருப்பார்?

ஐம்பத்தெட்டு திரும்பவே இல்லை.
அப்பா அந்தத் தபால்தலையைக் கிழியாமல் பிரித்து
மின்கட்டண உறையில் ஒட்டியிருப்பார்.
பதில்தான் அதுவும்.
நான் படிக்கப் பழகிய கையெழுத்து.

மண்டபத்தில் சமைக்கும் ஈடித்
வெள்ளிக்குள் எண் வேண்டும் என்கிறாள்,
உருளைக்கிழங்கு படகில் வர வேண்டும்.
எழுபதிலிருந்து தொண்ணூறு, என்கிறேன்.
'அது எண் இல்லை, வானிலை' என்கிறாள்.

புதன்கிழமை மெரன் தபால் பையோடு வந்தாள்.
ஒரே ஒரு அட்டை. பின்னால் பென்சில் எண் இல்லை.
எங்கள் சமையலறை மேசையிலிருந்து கிளம்பி
கிர்க்வால் போய், கடல் தாண்டி இன்வர்னெஸ் போய்,
முத்திரை குத்து வாங்கி,
மூடுபனிக்கு இரண்டு நாள் காத்துக் கிடந்து
எங்கள் சமையலறை மேசைக்கே வந்திருக்கிறது.
'ஒருவர். வருகிறேன்.
எதைப் போட்டாலும் சாப்பிடுவேன்.'

அவன் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நிற்கிறான்.
முட்டை அளவுக்கு மீறி வேகிறது.
மெரன் கையொப்பம் எதுவும் வாங்க வேண்டியதில்லை,
ஆனாலும் நிற்கிறாள்.

கட்டில் ஒரு அட்டை மிச்சம்.
இழுப்பறையில் பேனா இருக்கிறது,
தபால்தலை இல்லை.
கையில் கொடுத்தால் செல்லுமா, என்று அவளைக் கேட்கிறேன்.
விதிப்படி செல்லாது, என்கிறாள்,
போகாமல்.