ஆறு பொத்தான்கள்

லுப்ளினில் பிப்ரவரி.
அலுவலகம் நான்காம் மாடியில்.
லிஃப்ட் பழுது என்று ஒட்டிய தாளே
பழசாகிக் கிழிந்திருந்தது.
கிரஷினாவைப் படிக்குப் படி நிறுத்தி
மேலே கொண்டுவந்தேன்.
(படியேறி வந்தார் என்று கோப்பில் இருந்தது, பிற்பாடு.)

இரண்டாண்டுக்கு ஒருமுறை அழைப்பு.
வாடகைக்கு விட்ட வீட்டைப்
பார்த்துப்போகும் சொந்தக்காரன் மாதிரி
நோய் இன்னும் குடியிருக்கிறதா என்று
அரசாங்கம் விசாரிக்கும்.
நாங்களும் போவோம்,
ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டுகள்,
மூத்திரப் பை வாங்கிய ரசீது
எல்லாவற்றையும் ஒரு செருப்புப் பெட்டியில் போட்டுக்கொண்டு.

"இன்றைக்கு மட்டும் மோசமாக இருங்கள்" என்று
காலையில் தன் கைகளிடம் கேட்டுக்கொண்டாள்.
சிரித்துக்கொண்டுதான்.
கம்பளிக் கோட்டின் ஆறு பொத்தான்களையும்
நான்தான் போட்டுவிட்டேன்,
பதினொரு மாதமாகப் போடுவதுபோல, கீழிருந்து மேலாக.

டாக்டருக்கு முப்பது வயதிருக்கும். கெட்டவர் அல்ல.
சளி பிடித்திருந்தது;
கைக்குட்டையைத் தேடிக்கொண்டே இருந்தார்.
மூக்கைத் தொடச் சொன்னார்.
கண்ணை மூடி நிற்கச் சொன்னார்.
பிறகு, கோட்டைக் கழற்றித் திரும்ப மாட்டி
நீங்களே பொத்தான் போடுங்கள் என்றார்.

கழற்றும்போது நான் பிடித்துக்கொண்டேன்.
போடும்போது முதல் பொத்தான் நழுவியது.
அப்பாடா என்றிருந்தது எனக்கு.
எழுதவே கூசுகிறது.
இரண்டாம் முறை துளைக்குள் போய்விட்டது.
அடுத்தது. அதற்கடுத்தது.
எங்கேயோ போயிருந்து ஊர் திரும்பியவர்கள் போல
விரல்கள் யாரிடமும் வழி கேட்கவில்லை.
ஆறும்.

"ஸெனோன், பார்த்தியா!"
எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்து
அவள் சத்தம் போட்டாள்.
நானும் மறந்தேன். கைதட்டினேன் என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் பேனாவின் ஓசை கேட்டது.
சின்ன ஓசை,
இரவில் எலி அரிசி மூட்டையைத் தொடுவதுபோல.
மார்ச்சில் வந்த கடிதத்தில்
அதற்கு அர்த்தம் போட்டிருந்தார்கள்:
முன்னேற்றம்.

ஆனால் நான் சொல்ல வந்தது
அன்று வீடு திரும்பிய டிராலிபஸ்ஸைப் பற்றி.
உள்ளே வெக்கை. அவளுக்கு வியர்த்தது.
மேல் பொத்தானைக் கழற்றப் பார்த்தாள்.
வலது கை. இடது கை.
அப்புறம் குனிந்து, பல்லால்.
மூன்று நிறுத்தம் தாண்டியும்
நான் உதவவில்லை.
யாராவது பார்க்கட்டும் என்று
ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தேன்:
பீட்ரூட் பையோடு ஒருவர்,
காதில் ஹெட்ஃபோனோடு தூங்கும் பையன்,
பனி வழியும் ஜன்னலில் விரலால்
வீடு வரையும் குழந்தை.

குழந்தை மட்டும் திரும்பிப் பார்த்தது.
வரைந்த வீட்டுக்கு
ஒரு கதவு வைத்துவிட்டு
மறுபடி பார்த்தது.