ஏழாம் பொருள்: கடைசி விளக்கு

செவ்வாய் இரவு. நகரமன்றம் என்பது
தீயணைப்பு வண்டிக்குப் பக்கத்தில்
ஐந்து மடக்கு நாற்காலி,
குறிப்பெடுக்க நான்.

ஆலை ரோட்டுக் கோடியில் ஒரு விளக்கு.
அதற்கப்பால் கோதுமை, பனி, கனடா.
மாதம் பதினெட்டு டாலர். அணைக்கலாமா?

"ஒண்டி ஆள் வீடு, வயசும் ஆச்சு"
குரல் தழுதழுத்தது ஆர்டெலுக்கு.
"வரி எல்லாருக்கும்தான்" என்றாள் டெல்பின் க்ரூகர்.
தலைவர் சுத்தியலைத் தேடினார்;
போன கூட்டத்திலிருந்தே காணோம்.
நாற்பது நிமிடம் இருட்டைப் பற்றிப் பேசினோம்
டியூப்லைட்டுக்குக் கீழே.

பின்வரிசையில் ஆர்லன் ஹாகன்
தொப்பி மடியில்,
தூக்கிய கை தூக்கியபடி.
ஒருவழியாகக் கேட்டோம்.

"பதினோரு வருஷமா
ஜன்னல்ல போர்வை கட்டித்தான் தூங்குறேன்.
அணைச்சிடுங்க.
அதச் சொல்லத்தான் வந்தேன்."

ஐந்து கை.
'விவாதத்துக்குப் பின் ஏகமனதாக' என்று எழுதினேன்.
பிறகு மதகு, நாய் உரிமம். கலைந்தோம்.

மூன்றாம் வாரம் மின் கம்பெனி எழுதியது:
துண்டிப்புக் கட்டணம் நானூறு டாலர்.
ஒதுக்கீடு இல்லை.

இன்றும் எரிகிறது.
ஆர்லனுக்குக் கனத்த போர்வை ஒன்று
மன்றச் செலவில் வாங்கிக் கொடுத்தோம்.
எந்தக் கணக்கில் காட்ட?
யோசித்து எழுதினேன்:
தெருவிளக்குப் பராமரிப்பு.