நாற்பத்து மூன்று குண்டூசிகள்

இறந்துபோன ஒருவரிடமிருந்து வாங்கிய கார்.
அதாவது, அவர் மகளிடமிருந்து.
எண்பத்தொன்பதாம் வருடத்து ஸாப்.
"எஞ்சினுக்கு ஒன்றும் வராது" என்றாள்.
கூரையைப் பற்றி அவள் பேசவில்லை,
நானும் அண்ணாந்து பார்க்கவில்லை.

முதல் கோடையில் பின்கண்ணாடி ஓரம்
பால் ஏடுபோல் சுருங்கிக் கழன்றது துணி.
இரண்டாம் கோடையில் தலைமேல் கை வைத்தது.
யாரோ ஆசீர்வதிக்கிறார்கள் என்று
முப்பது கிலோமீட்டர் பொறுத்திருந்தேன்.
பிறகு தையல் பெட்டியைத் திறந்தேன்:
ஐந்து குண்டூசி, பன்னிரண்டு,
கடைசியில் நாற்பத்து மூன்று.
இரவில் எதிர்வண்டி வெளிச்சம் பட்டால்
எனக்கென்று ஒரு வானம், மலிவான வானம்.
பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம்
ஒரு நட்சத்திரம் மடியில் உதிரும்.

கெமியில் ஏப்ரல் வந்தால் வசந்தம் என்று
நாட்காட்டி சொல்லும், பனி ஒப்புக்கொள்ளாது.
பசை டப்பாவில் எழுதியிருந்தது:
பதினெட்டு டிகிரிக்குக் கீழே ஒட்டாது.
வெளியே மைனஸ் ஆறு.
வீட்டுக்குள் இருபத்தொன்று, ஆனால் நான்காம் மாடி.
லிஃப்டில் மூன்று பேர் ஒடுங்கி நிற்கலாம்,
கூரை ஒடுங்காது.
நாலு கை வேண்டும்.
அந்த ஞாயிறு, கார் நிறுத்துமிடத்தில்
மிச்சமிருந்த இரண்டு கை என்ஸியோவுடையவை.

என்ஸியோ என்றால் பக்கத்து இடம், ஒரே கம்பம்.
கம்பத்தில் இரண்டு பிளக், அவருக்கொன்று எனக்கொன்று,
எஞ்சின் உறையாமல் இரவில் சூடேற்ற.
இரண்டு குளிர்காலத்துக்கு முன், மைனஸ் இருபத்தெட்டில்,
என் ஒயர் பிடுங்கப்பட்டுப் பனியில் கிடந்தது.
நான் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை.
அன்றிலிருந்து முதுகுக்கு முதுகு காட்டிப் பனி வாரினோம்,
ஒருவர் பனி மற்றவர் பக்கம் விழாமல்
அத்தனை நேர்த்தியாக.

பின்கதவு வழியே கூரையட்டை பாதி வந்து சிக்கியது.
அவர் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு
மறுமுனையைப் பிடித்தார்.
தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஏறினோம்,
ஒரே குடைக்குள் போகிறவர்கள் மாதிரி.
எட்டுத் திருப்பம். ஒவ்வொன்றிலும்
"மேலே", "இந்தப் பக்கம்", "பொறு".
பேச்சில் சேர்த்தி இல்லை இவை.

சாப்பாட்டு மேசையில் மல்லாத்தினோம்.
பழைய துணி ஒரே இழுப்பில் வந்தது.
அடியில் நுரைப்பஞ்சு. ஒரு காலத்தில் நுரைப்பஞ்சு:
இப்போது துரு நிறத்தில் பொடி,
அவர் புருவத்தில், என் மூக்கில், வெண்ணெய்க் கிண்ணத்தில்.
உரித்த துணியில்
வெயில்தட்டி மூடியிருந்த இடம் மட்டும் வெளுப்பு,
மற்றதெல்லாம் முன்னாள் சொந்தக்காரரின் சிகரெட்.
முப்பது வருடம் அவர் மேலே அனுப்பியது எதுவும்
மேலே போய்ச் சேரவில்லை.

புதுத் துணி பாசிப்பச்சை, கடையில் சாம்பல் தீர்ந்துவிட்டது.
பாதியை மடித்து, மறுபாதிக்குப் பசை அடித்து,
விரலில் பிசுக்கு நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்.
பத்து நிமிடம்.
அந்தப் பத்து நிமிடம் என்ன செய்வதென்று டப்பாவில் இல்லை.
அவர் என் ஜன்னல் வழியாகத் தன் காரைப் பார்த்தார்.
நான் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தை நேராக்கினேன்.

பிறகு உள்ளங்கை, நடுவிலிருந்து ஓரத்துக்கு.
ஒட்டினால் ஒட்டியதுதான்.
அவர் பக்கம் ஒரு சுருக்கம் விழுந்தது,
கட்டைவிரல் நீளம்.
"பின்சீட்டுக்கு மேலே" என்றார்.
"பின்சீட்டில் யாரும் வருவதில்லை" என்றேன்.

இறக்கி, மாட்டி,
விளக்கு ஓட்டையை ஒரு விரல் தள்ளி வெட்டி,
சபித்து, மூடியால் மறைத்தபின்
அவர் பின்னால் ஏறப்போனார், தன் சுருக்கத்தைப் பார்க்க.
நான் குண்டூசிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாற்பத்தொன்று.
"உட்கார வேண்டாம், இரண்டு குறைகிறது."

ஒரு கால் உள்ளே, ஒரு கால் பனியில்,
குனிந்த முதுகு நிமிராமல் சீட்டிடம் சொன்னார்:
"அன்றைக்கு என் பிளக்கில் கரண்ட் இல்லை.
ஒரு மணி நேரத்துக்குத்தான் உன்னுடையதை எடுத்தேன்.
திரும்பச் சொருக மறந்துவிட்டது."

இரண்டு பேரும் சீட்டைத் துழாவினோம்.
ஒன்று கிடைத்தது.