பதினோராவது கட்டம்

சுங்கப் படிவத்தில் பதினோராவது கட்டம்: நிறம்.
தசநாயக்க முன்னமே நிரப்பிவிட்டார்.
வெள்ளை.
அதற்கு மேலே, பொருள்: தலை, பெண், கல், ஒன்று.
மூக்கு இல்லை.

ஒருகொடவத்தைக் களஞ்சியத்தில்
ஒரு பக்கம் பறிமுதல் வெங்காயம், மறுபக்கம் பழைய டயர்.
நடுவில் வைக்கோலுக்குள் இவள்.
'குளியலறைப் பளிங்கு' என்று எழுதிய கொள்கலனில்
ஓடுகளோடு ஓடாக வந்திறங்கியவள்.
ரோமாபுரிக்காரி.
பின்னலை ஏழு வளையமாக அடுக்கி
உச்சியில் முடிந்திருக்கிறாள்,
கலியாணவீட்டுக்கு வெளிக்கிட்டு நிற்பதுபோல.

எனக்கு இருட்டு வேண்டும் என்றேன்.
கதவைச் சாத்தியும் தகரக்கூரை ஓட்டைகளால்
கொழும்பு வெயில் நூல்நூலாய் இறங்கியது.
காத்திருந்தேன்.
ஆறரைக்கு வெயிலும் போய், கேட்காமலே கரண்டும் போனது.
வெளியே எல்லோரும் வைதார்கள்.
நான் வையவில்லை.

ஊதாக் கதிர் விளக்கின் கீழ்
முதலில் ஒன்றுமில்லை. கழுத்தில் யாரோ தொட்ட கைநெய்.
பிறகு, உதட்டின் இடது முனையில்,
கடுகில் பாதி,
செம்மஞ்சளாய் எரிந்தது.

மஞ்சிட்டி வேராக இருக்கலாம்.
மன்னாரில் மணல் கிளறித் தோண்டிய சாயவேருக்கு
ஒன்றுவிட்ட சொந்தம்.

கைவிளக்கும் பூதக்கண்ணாடியும்.
மூன்றாம் வளையத்தின் மடிப்புக்குள் மஞ்சள் காவி,
காவியின் மேல் பொன்,
நகக்கண்ணில் ஒட்டினால் தெரியாத அளவு.
அப்படியென்றால் கூந்தல் முழுக்க!

நெற்றியில் கம்பித் தூரிகை போன தடம்.
வெள்ளைக்கு விலை கூட.
செட்டியார் தெருவில் கடைவாசல் தூசியைக்கூடக்
கூட்டியள்ளி அரிக்கிறார்கள்;
இவளைத் தேய்த்த தண்ணீரை
எந்தச் சாக்கடையில் ஊற்றினார்களோ.

அந்தத் தெருவில் பிறந்தவள் நான்.
எங்கள் கோபுரத்துப் பூதத்துக்குக் கிளிப்பச்சை வயிறு, ரோசா உதடு.
குடமுழுக்குக்கு முந்திய கிழமை தெருவெல்லாம் எனாமல் மணக்கும்.
பல்கலைக்கழகத்தில் அதைச் சொல்ல வெட்கப்பட்டேன்.
வெறுங்கல்தான் ரசனை என்றார்கள்,
நானும் அப்படியே எழிதிக் கொடுத்துப் பாசானேன்.
சீமாட்டி, நீயும் பூசினவள்தானா?

கண்ணில் நிறமே இல்லை.
ஆனால் மை காத்த வட்டம் மட்டும் தேயாமல்
ஒரு மயிரளவு மேடாக நிற்கிறது.
விரலால் தடவவில்லை, சாய்வெளிச்சத்தில் பார்த்தேன்.
சற்று இடப்பக்கம், மேலே
யாரையோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.
இப்போது அந்தப் பக்கம் வெங்காயம்.

கரண்ட் வந்தது. தசநாயக்க தேநீரோடு வந்தார்.
"மிஸ், ஒரு பொட்டுத்தானே. வெள்ளை என்றே இருக்கட்டுமே."
வெட்டினேன். கட்டம் சின்னது.
சிவப்பு, காவி, பொன் என்று நெருக்கி எழுதினேன்.
மிச்சம் உரிக்கப்பட்டது
என்பது கோட்டைத் தாண்டி
'பெறுமதி' என்ற கட்டத்துக்குள் போய்விட்டது.

அவர் புதுப் படிவம் எடுக்க எழும்பினார்.
அது கிடக்கட்டும் என்றேன்.
முதலில் காலையில் கூட்ட வரும் ஃபாயிஸிடம் சொல்லுங்கள்,
ஈரத்துணியோடு
இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று.