நீர்மட்டம்

பெயிண்ட் அடிக்கிறார் என்றுதான் எங்களுக்குத் தெரியும்.
கப்பலுக்கு.
அம்மாவின் சித்தப்பா சன்னாசி,
இஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளுக்குத்
தகரத் துண்டு வைத்து நம்பர் அடித்தவர்,
மஸ்கெலியாப் பழைய டவுன் தண்ணீருக்குள் போன மறுவருஷம்
கொழும்புத் துறைமுகத்துக்குத் துரு சுரண்டப் போய்
திரும்பாதவர்.

நோர்வேயிலிருந்து வந்த கடிதத்திலும் அதே சொல்:
பெயிண்டர்.
நூறு படங்களாம். ஒரு மண்டபமாம்.
குடும்பத்தார் வரவேண்டுமாம்,
டிக்கெட் அவர்கள் செலவு.

விசாப் படிவத்தில் வீதியின் பெயர் கேட்ட இடத்தில்
தங்கச்சி பவளம் லயத்து நம்பரை எழுதினாள்.
காலமானவரின் குடியுரிமை என்ற இடத்தில்
பேனா நின்றது.
அவர் கப்பலேறிய வருஷத்தில்
இந்தியாவும் அவரை எழுதிக்கொள்ளவில்லை,
இலங்கையும் எழுதிக்கொள்ளவில்லை.
ஒரு கோடு போட்டாள்.
கோட்டுக்கு விசா கிடைத்தது.

முன்பு மீன் கிடங்காக இருந்த மண்டபம்.
படியேறும்போதே வாடை.
வாசலில் ஒரு பலகை: இலங்கையின் மகன்.
வாசிக்கச் சொன்னாள் அம்மா, வாசித்தேன்.
"இப்பயா?" என்றாள்.

நான்கு நாளாய் அவள் பேசியதெல்லாம்
குளிர், உறைப்பில்லாத உருளைக்கிழங்கு,
ராத்திரி பதினொரு மணிக்கும் வெளிச்சம் போகாத வானம்.

படங்கள் பூராவும் தண்ணீர்.
மலைக்கும் மலைக்கும் நடுவே
கருநீலமாய், அசையாமல்.
சித்தப்பாவின் மகள் சோல்வெய்க்,
(என்ன முறை என்று அம்மா விரல்விட்டு எண்ணி
"உனக்குச் சின்னம்மா" என்றாள்)
நரைத்த பொன்முடியை ஒதுக்கி ஒதுக்கி விளக்கினாள்:
இது இந்தப் பக்கத்துக் கடல்வாய், அது வடக்கே உள்ளது,
நடுவில் நிற்கிற வெள்ளைக் குச்சி பாய்மரம்.
அப்பாவுக்குப் படகு என்றால் உயிர்.

அம்மா கையுறையைக் கழற்றினாள்.
கும்பிட்டாள்.
"பாய்மரமில்ல தாயி. முருகன் கோயில் கோபுர நுனி.
பின்னால நிக்கிறது பாதமலை.
இந்தா, இதுக்குக் கீழ மொய்தீன் ரொட்டிக் கடை"
என்று வெறும் நீலத்தில் விரல் வைக்கப் போனாள்.
காவல்காரர் ஓடி வந்தார்.

ஒவ்வொரு படமாய்ப் போய்ப் பார்த்தோம்.
எண்பத்து மூன்றில் கோபுரம்.
மிச்சம் நிஜமாகவே படகு.

சோல்வெய்க் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.
கொஞ்ச நேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டாள்:
எங்கே நின்று பார்த்தார் இதை?

பங்குனியில் மவுசாக்கலை வற்றியது.
இடுப்புவரை வெளியே வந்திருந்தது கோயில்.
ஆட்டோவை ரோட்டோரம் விட்டுவிட்டு
அச்சடித்த படத்தைக் கையில் பிடித்து அலைந்தேன்.
கொழுந்து மலையிலிருந்து பார்த்தால்
பாதமலையின் தோள் சாய்கிறது.
பாலத்திலிருந்து பார்த்தால்
சவுக்கு மரம் மறைக்கிறது.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
வெடித்த சேற்றுக்குள் இறங்கினாள்.
பத்து வயதில் விட்டுப் போன இடத்துக்கு
யாரையும் வழி கேட்காமல் நடந்தாள்.
ஒரு படிக்கல். பாதி புதைந்தது.
"எங்க வாசல். உக்காரு.
இப்புடித்தான் உக்காந்து நோட்டுல கிறுக்குவாரு."

உட்கார்ந்தேன்.
மலை தன் இடத்துக்கு வந்தது.
கோபுரமும் வந்தது.

படத்தில் தண்ணீர் கோபுர நுனிவரை நிற்கிறது.
அந்த அளவுக்கு, இந்தப் படி
மூன்று ஆள் ஆழம்.
அத்தனையையும் மூச்சுப் பிடித்துக்கொண்டுதான்
வரைந்திருக்கிறார் மனிதர்.

போட்டோ எடுத்துச் சின்னம்மாவுக்கு அனுப்பினேன்.
சிக்னல் ஒரு கோடு. சுற்றிக்கொண்டே இருந்தது.
அங்கே இன்னும் விடிந்திருக்காது.
அம்மா சேற்றில் மாட்டிய செருப்பை
இரண்டு கையாலும் பிடித்து
இழுத்துக்கொண்டிருந்தாள்.